மூளிக்காசு என்று நான் சொன்ன குற்றி

என் மகளுக்கு,

இந்தக் கடிதத்தை உதறிப் பிரிக்காதே. இரண்டாவது தாளோடு ஒரு ரூபாய்க் குற்றிக்காசு ஒன்றை வைத்து நாலு பக்கமும் தைத்திருக்கிறேன். ஊசியில் நூல் கோத்துத் தந்தது அம்மா, தைத்தது நான். கோணல்மாணலாக இருந்தால் என்னைத் திட்டு. நாங்கள் சுகம் என்று தொடங்கலாம் என்றுதான் பேனையை எடுத்தேன். காய்ச்சல் இல்லை, சாப்பாட்டுக்குக் குறையில்லை, அந்த மட்டில் சுகம்தான். ஆனால் உன்னுடைய போன கடிதம் வந்த நாளிலிருந்து அம்மாவின் முகத்தை நேரே பார்க்க எனக்குத் துணிவில்லை.

கலியாணத்துக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தாய். அம்மா வழக்கம்போலச் சத்தமாக வாசித்தாள். ஒட்டுசுட்டானில் மாப்பிள்ளையின் சொந்தக்காரர், உன்னோடு வவுனியா ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பிள்ளைகள், உனக்குப் படிப்பித்த ரீச்சர்மார், எல்லாரும் அந்த வரிசையில் வந்தார்கள். கடைசி வரியில், "மாமாவுக்குச் சொல்ல வேண்டாம். நல்ல காரியத்துக்கு அவர் வருவதில் எனக்கும் மனமில்லை" என்று எழுதியிருந்தாய். அம்மா அந்த வரியையும் குரல் மாறாமல் வாசித்தாள். கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய் அரிசி களைந்தாள். அவளுக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரே தம்பிதான் என்பது உனக்குத் தெரியும். அந்த வரியை எழுதியது உன் கை. எழுத வைத்தது என் வாய். 'எனக்கும்' என்று எழுதினாயே, அந்த 'உம்'மை உனக்குள் போட்டவன் நான். எப்படிப் போட்டேன் என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்போது என்மீது உனக்கு இருக்கிற மரியாதை குறைந்தால் குறையட்டும்.

தண்ணீரூற்றுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் நான் மனேச்சராக இருந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். தொண்ணூறுக்குப் பிறகு சண்டையாலும் தடையாலும் வன்னிக்குள் புதுச் சில்லறை வருவது குறைந்துவிட்டது. இருந்த குற்றிகளே கை மாறிக் கை மாறித் தேய்ந்தன. எரிந்த வீடுகளுக்குள் கிடந்து கறுத்தவை, கழுத்தில் கட்டத் துளை போட்டவை, சுத்தியலால் நெளிந்தவை எல்லாம் என் மேசைக்கு வரும். நான் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் சுண்டிச் சத்தம் கேட்டு, வெளிச்சத்தில் திருப்பி, "இது செல்லாது, கொண்டு போங்கோ" என்பேன். மற்றக் கடைக்காரர்களும் தங்கள் சந்தேகக் காசை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். மனேச்சர் பார்த்துச் சொன்னால் சரி என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சில் எனக்கு எவ்வளவு மயக்கம் இருந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. குண்டு விழுந்து வீடு எரிந்த ஒரு மனிசி, சாம்பலுக்குள் கிளறி எடுத்த குற்றிகளைச் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தா. "சாம்பல்தான் ஐயா, தேய்ச்சாப் போயிடும்" என்றா. நான் தேய்த்தும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்ற எண்ணம்தான் இருந்தது.

உன் மாமாவுக்கும் காசு தெரியும். அது எனக்குப் பிடிக்காது. ஒட்டுசுட்டானிலிருந்து எங்கள் பக்கம் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு வந்த பஸ்ஸில் அவன் கொண்டக்டர். நாள் முழுக்க அவன் விரலுக்குள்ளால் சில்லறை ஓடும். வித்தியாசமாக ஒன்று அகப்பட்டால் தன் காசை முதலாளியின் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துவைப்பான். எழுத்து இரண்டு தரம் விழுந்தது, படம் ஒரு பக்கமாக ஒதுங்கியது, ஒரு பக்கம் வழுவழுவென்று ஒன்றுமே அச்சாகாதது, இப்படி ஒரு பால்மா டின் நிறைய வைத்திருந்தான். "அத்தான், இது ஆரும் அடிச்சுக் கெடுத்தது இல்லை. காசு செய்யிற இடத்திலயே பிழைச்சது" என்று எனக்குக் காட்ட வருவான். நான் பத்திரிகையை இறக்காமலே, "உன்ர பஸ்ஸில பாதிப்பேர் செல்லாக்காசைத் தந்து உன்னைப் பேய்க்காட்டுறாங்கள், நீ அதை டின்னுக்குள்ள போட்டு அழகு பார்" என்பேன். நீ சிரிப்பாய். அவனும் சிரிப்பான். அவன் கொண்டக்டர், நான் மனேச்சர். இதைவிட வேறு நியாயம் அன்றைக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

தொண்ணூற்றிரண்டு சித்திரை வருசப்பிறப்பு உனக்கு மறந்திருக்காது. நீ பெரியபிள்ளையாகி வந்த முதல் வருசம். பாவாடை தாவணியோடு நின்றாய். வீடு நிறையச் சனம். நான் எல்லாருக்கும் வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேடம் கொடுத்து முடித்தபின் மாமா உன்னைக் கூப்பிட்டான். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்து, வெற்றிலை நடுவில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். "இதைச் செலவழிக்கக்கூடாது பிள்ளை. இது மாதிரி ஒண்டு இன்னொருத்தரிட்டை இராது" என்றான். நீ வாங்கிப் பிரித்தாய். உள்ளே ஒரு ரூபாய்க் குற்றி. விளிம்பில் ஒரு துண்டு இல்லை. பிறை மாதிரிக் கடித்து எடுத்தது போல.

என் பெரியம்மா பக்கத்தில் இருந்தா. "ஐயோ, மூளிக்காசு" என்று அவவின் வாயிலிருந்து வந்துவிட்டது. வருசப்பிறப்பன்று, பெரியபிள்ளையான குமருக்கு, தாய்மாமன் கையால் மூளிக்காசு. எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் குற்றியைப் பிடுங்கி ஒரே ஒரு தரம் பார்த்தேன். "தகரம் வெட்டுற கத்திரியால வெட்டியிருக்கிறான்" என்றேன். "அத்தான், ஒருக்கா மற்றப் பக்கத்தையும் பாருங்கோ, எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கோ" என்று அவன் கையை நீட்டினான். "எனக்கு நீ காசு பாக்கப் பழக்கிறியோ? வருசம் முழுக்க என்ர பிள்ளை மூளியா நிக்கவோ இதைத் தந்தனி? வெளியில போடா" என்று கத்திவிட்டு அதை முற்றத்தில் வீசி எறிந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தான். நீ அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாய். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

அதோடு விட்டிருந்தால் வீட்டுச் சண்டை. நான் விடவில்லை. அடுத்த நாள் கடையில், கேட்டவனுக்கும் சொன்னேன், கேளாதவனுக்கும் சொன்னேன். "கவனமாயிருங்கோ, அவன் காசு வெட்டுறான்" என்றேன். வெட்டிய துண்டை என்ன செய்கிறான் என்று ஒருவர் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "உருக்குவான்" என்றேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்ன பேச்சு. ஆனால் சொன்னது சங்கக்கடை மனேச்சர். ஒரு கிழமைக்குள் பஸ்ஸில் அவன் கொடுக்கும் மிச்சக் காசைச் சனம் அவன் முன்னாலேயே திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கியது. வைகாசி முடிய முன் பஸ் முதலாளி, "எனக்குச் சோலி வேண்டாம் தம்பி" என்று காசுப் பையை வாங்கிக்கொண்டு வேலையால் நிறுத்திவிட்டார். அவன் நாயாற்றுக் கடற்கரைப் பக்கம் போய் ஒரு கருவாட்டு வாடியில் கூலிக்கு நின்றான். அந்தச் செய்தியை அம்மாவுக்குச் சொன்னபோது என் குரலில் ஒரு திருப்தி இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு உனக்கு மலேரியா வந்தது. நடுக்கத்தில் கட்டில் ஆட, நீ "மாமா எங்கை?" என்று கேட்டாய். "அவன் தந்த மூளிக்காசின்ர பலன்தான் இது" என்று நான் சொன்னேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குச் சொல்கிற பேச்சா அது? உயர்தரச் சோதனையில் ஒரு பாடம் பிழைத்தபோதும் அதையே சொன்னேன். முதல் பேசி வந்த சம்பந்தம் குழம்பியபோதும் சொன்னேன். நீ முதலில் அழுதாய். பிறகு பேசாமல் இருந்தாய். பிறகு ஒருநாள் நீயே, "மாமா அப்படித் தந்திருக்கக்கூடாது" என்றாய். அன்றைக்கு எனக்கு வெற்றி. அம்மா மட்டும் ஒருநாளும் ஆமா போட்டதில்லை.

இதுவரை எழுதியது நீ அரைவாசி அறிந்தது. இனி எழுதப்போவதுதான் பேனையை இழுத்துப் பிடிக்கிறது.

தொண்ணூற்றைந்தில் சங்கத்துச் சாமான்களுக்கு அனுமதி எடுக்க நான் வவுனியாவுக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் மணிக்கூடு திருத்திக்கொண்டு இருந்தவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் தண்ணீரூற்று மணிக்கூட்டு நானா. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, கையில் கொண்டுபோகக்கூடியதோடு போனவர். அன்றைக்கு நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம், வாய் திறக்கவில்லை. அப்படியிருந்தும் மனிசன் கதிரையைத் துடைத்து எனக்குத் தந்து, தேத்தண்ணி சொல்லிவிட்டு, ஊரில் ஒவ்வொருவராகச் சுகம் விசாரித்தார். பிறகு, "உங்கட மச்சான் அந்தப் பிறைக்காசை மருமகளுக்குக் குடுத்துட்டாரோ?" என்று கேட்டார்.

எந்தப் பிறைக்காசு என்று நான் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். "என்ன மனேச்சர் இப்படிக் கேக்கிறீங்க? எண்பத்தொன்பதில என்ர பூதக்கண்ணாடியாலதானே பாத்தது. நல்ல விலைக்குக் கேட்டன், மாட்டன் எண்டுட்டார். 'மருமகள் பெரியபிள்ளையானதும் முதல் வருசப்பிறப்புக்குக் கைவிசேடம் குடுக்க வைச்சிருக்கிறன் நானா, இது போல ஒண்டு எனக்கு இனிக் கிடையாது' எண்டார்." நானாவின் மேசையில் ஒரு சின்ன முள் மணிக்கூடு திறந்து கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெட்டின காசு இல்லையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். வீட்டில் பொம்பிளையள் மாவைத் தட்டி டின் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டுவினமே, ஒரு வட்டம் முந்தி வெட்டின ஓட்டையில் முட்டினால் பிறை விழும், அப்படித்தான் காசு வெட்டுகிற தகட்டிலும் என்றார். அந்தக் குறைத் தகடு அச்சுக்குள் போகும்போது, குறைந்த இடத்துக்கு நேர் எதிரே அமுக்கம் பற்றாமல் விளிம்பு மங்கி, எழும்பாமல் கிடக்கும். அடித்த பிறகு எவனாவது கத்திரியால் வெட்டினால் எதிர்ப்பக்க விளிம்பு முழுசாக இருக்கும், வெட்டின வாயில் உலோகம் ஒரு பக்கம் மடிந்து கூராக நிற்கும், எழுத்துப் பாதியில் அறுந்துபோயிருக்கும். "கெடுத்த காசில உலோகம் தள்ளுப்பட்டிருக்கும் மனேச்சர். பிழைச்ச காசில அது முதலே இல்லை. இதைக் கண்டுபிடிச்சு எனக்குச் சொன்னதே உங்கட மச்சான்தான்."

வீட்டுக்கு வந்தேன். அம்மா கோயிலுக்குப் போன நேரம் அலுமாரியைத் திறந்தேன். அன்றைக்கு நான் எறிந்ததை அவள் முற்றத்து மணலில் தேடி எடுத்து வைத்திருப்பாள் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். அவளுடைய கூறைச் சேலை மடிப்பில், ஒரு கடதாசியில் சுற்றி இருந்தது. உன் பள்ளிக்கூடப் பெட்டியில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு யன்னலடியில் நின்று பார்த்தேன். பிறைக்கு நேர் எதிரே விளிம்பு மங்கிப் போய்க் கிடந்தது. பிறை வாயில் மடிப்பும் இல்லை, கூரும் இல்லை. எழுத்துகள் அறவில்லை, பிறையை நோக்கி மெலிந்து சாய்ந்திருந்தன. வெறும் கண்ணுக்கே தெரிகிற விஷயம். அவன் பாருங்கோ என்று சொன்ன அந்த ஒரு நொடி நான் குற்றியைத் திருப்பியிருந்தால் போதும். திருப்பிப் பார்க்கிறதுதானே என் தொழில்!

மகளே, நான் அதைச் சுற்றி அதே மடிப்பில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். ஆறு வருசம். யாருக்கும் சொல்லவில்லை. நீ கேட்பாய், ஏன் அப்பா என்று. நானும் எத்தனையோ நியாயம் தேடினேன்: இடம்பெயர்வு, ஷெல் அடி, உன் படிப்பு. எல்லாம் பொய். மனேச்சருக்குக் காசு தெரியாது என்று ஊர் சொல்லிவிடும் என்ற ஒரே பயம். அதற்காக அம்மாவுக்குத் தம்பி இல்லாமல் ஆக்கினேன், உனக்கு மாமன் இல்லாமல் ஆக்கினேன். அந்த ஆறு வருசத்துக்குள்ளும் இரண்டு தரம், தெரிந்துகொண்டே, "மூளிக்காசின்ர பலன்" என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். முதல் சொன்னது அறியாமை. பிறகு சொன்னதற்கு நல்ல தமிழில் பெயர் இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் விடிய, குற்றியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் நாயாற்றுக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. வாடியில் அவன் மீன் பரப்பிக்கொண்டு நின்றான். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் முகம் வெளிறி, "அக்காவுக்கு என்ன?" என்றான். ஒன்றுமில்லை, சுகம் என்றேன். மூச்சு விட்டுவிட்டு உப்புக் கையைச் சாரத்தில் துடைத்தான். எனக்கு இருக்க ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். நான் இருக்கவில்லை.

"தம்பி, அது வெட்டின காசு இல்லை" என்றேன். வழி நெடுக யோசித்த பேச்சு எதுவும் வரவில்லை. இதுதான் வந்தது.

"அது எனக்குத் தெரியும் அத்தான்" என்றான். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரிந்தது என்றால் அவன் நம்பியிருப்பான். "ஆறு வருசம்" என்றேன்.

அவன் குனிந்து மிச்ச மீனைப் பரப்பினான். பிறகு நிமிர்ந்தான். "நீங்கள் எறிஞ்சதை நான் எப்பவோ விட்டுட்டன். தெரியாமச் செய்தது. பிள்ளைக்கு அபசகுனம் எண்டு பயந்துட்டீங்கள், தகப்பன்தானே. ஆனா இந்த ஆறு வருசமும் என்னத்துக்கு அத்தான்? இஞ்சையிருந்து தண்ணீரூற்று எவ்வளவு தூரம்? சைக்கிள் மிதிச்சா அரை நாள்." அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அதை விடுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்று என் கையைப் பிடித்து இறக்கினான். குற்றியை நீட்டினேன். வாங்கவில்லை. "அது பிள்ளையின்ர. கைவிசேடம் குடுத்தாத் திருப்பி வாங்கிறதில்லை."

உனக்கு ஆவணியில் கலியாணம் என்று சொல்லி, அவன்தான் வந்து மாமன் முறை செய்ய வேண்டும் என்று கேட்டேன். "பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லிப்போட்டீங்களோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அவள் என்னை வரச்சொன்னவளோ?" நான் குற்றியைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு முற்றத்தில் நின்றபோதும் அவன் அப்படிக் குனியவில்லை. "அப்ப முதல் அவளுக்குச் சொல்லுங்கோ அத்தான், ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ. அவள் கூப்பிட்டா வாறன். நீங்கள் கூப்பிட்டு நான் வரமாட்டன்."

திரும்பி வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "என்ர தம்பி வெட்டியிருக்க மாட்டான் எண்டு, எனக்குக் காசு பாக்கத் தெரியாமலே தெரியும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆறு வருசமா என்னோட ஒரே வீட்டில இருந்தனீங்கள்" என்றாள். அவ்வளவுதான். அன்றையிலிருந்து தேத்தண்ணி வைக்கிறாள், சோறு போடுகிறாள், தேவைக்கு மேல் கதை இல்லை.

கலியாணத்துக்குப் போகிற மகளுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருக்கிறது இந்த ஒன்றுதான், அதுவும் பிழைத்துப் படித்தது. உன் வீட்டில் ஒரு பொருளோ பேச்சோ மனிசரோ குறையாகத் தெரிந்தால், பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லாதே, சபை பார்த்துக்கொண்டு நின்றால் சொல்லவே சொல்லாதே. பிழை விட்டது தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லு. அன்றைக்கு அது ஒரு வெட்கம். நாள் போகப் போக அது வெட்கமாக இராது, களவாகிவிடும். இதை உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, ஆனால் பட்டவன் வேறு யாரும் இந்த வீட்டில் இல்லை.

நூலை மெதுவாக வெட்டிக் குற்றியை எடு. ஆஸ்பத்திரியில் யாரிடமாவது பூதக்கண்ணாடி இருக்கும். பிறைக்கு நேர் எதிரே விளிம்பைப் பார். என் சொல்லை நம்பித்தான் ஒன்பது வருசம் கெட்டது. இந்த முறை நீயே பார்த்து முடிவு செய். மாமாவை உனக்குக் கூப்பிட மனம் வராவிட்டால் அதற்கும் குற்றவாளி நான்தான், உன்னை ஒரு சொல் கேட்கமாட்டேன். மனம் வந்தால், நாயாற்றுக்குத் தபால் சுணங்கினாலும் போய்ச் சேரும். விலாசத்தைக் கடைசித் தாளின் பின்பக்கம் அம்மா தன் கையால் எழுதியிருக்கிறாள்.

எனக்குப் பதில் எழுதாதே, பிள்ளை. முதலில் அவனுக்கு எழுது.

உன் அப்பா